சங்கத்தில் ஆளில்லை, தெருவில் கூட்டம்

கேள்வி: பிரான்சில் எதற்கெடுத்தாலும் ரயில் நிற்கிறது, குப்பை அள்ளுவதில்லை. அங்கே எல்லோருமே தொழிற்சங்கத்தில் இருப்பார்களோ?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறு. நூறு தொழிலாளரில் சுமார் பத்துப் பேர்தான் உறுப்பினர்.

சரி, மற்றவர்கள் ஏன் சேர்வதில்லை? சேராமலே பலன் கிடைக்கிறதே! ஒரு தொழிலில் சங்கங்களும் முதலாளிகளும் போடும் ஒப்பந்தத்தை, அமைச்சகம் அந்தத் தொழில் முழுவதற்கும் நீட்டிவிடும். உறுப்பினரோ இல்லையோ, அதே சம்பள விகிதம். வேலைநிறுத்தமும் தொழிலாளியின் அரசியல் சட்ட உரிமை. 1946-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். தனியார் கம்பெனியில் சங்க அட்டை இல்லாதவரும் நாலு பேரோடு சேர்ந்து வேலையை நிறுத்தலாம். அரசுத் துறையில்தான் சங்கம் 5 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

பக்கத்து பெல்ஜியத்தில் கதை வேறு. வேலை போனவருக்கான உதவித்தொகையைச் சங்கங்களே பட்டுவாடா செய்கின்றன. அதனால் ஏறக்குறைய பாதிப் பேர் உறுப்பினர். கெட்டிக்கார ஏற்பாடு!

2023 மார்ச்சில் பாரிசில் இருந்தேன். ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கியதை எதிர்த்து எட்டுச் சங்கங்கள் ஒன்றாக நின்றன. நடைபாதையில் என் தோள் உயரத்துக்குக் குப்பைப் பைகள். ஊர்வலத்தில் சங்க வேன் ஒன்றின் பின்னால் காரமான 'மெர்கேஸ்' சாசேஜைக் கரி அடுப்பில் சுட்டு, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்; உறுப்பினரா என்று யாரும் கேட்கவில்லை.