குப்பைக்கு வரும் கரடி: மலையடிவார ஊர்களின் கேள்விகள்

இந்த முறை பாபநாசம், மணிமுத்தாறு, கடையம் பக்கமிருந்து வந்த கேள்விகளில் கரடிதான் திரும்பத் திரும்ப வந்தது. அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியை ராத்திரியில் கரடி வந்து உருட்டிவிட்டுப் போகிறது. பிள்ளைகள் டியூஷன் முடிந்து இருட்டின பிறகு அந்த வழியாகத்தான் வர வேண்டும். கூண்டு வைத்துப் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய் விட்டால் என்ன?
– வாசகி, விக்கிரமசிங்கபுரம்

முதலில் பிள்ளைகளைப் பார்ப்போம் தங்கச்சி. கூண்டு வருகிறதோ இல்லையோ, நாளையிலிருந்தே யாராவது பெரியவர் டார்ச்சோடு போய்க் கூட்டிவர வேண்டும், வரும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே வர வேண்டும். பயப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டிய மிருகம்தான் அது. புலி வாழும் காட்டில் பிழைத்து வந்த சாதி என்பதால், திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் ஓடுவதைவிட எதிர்த்துப் பாய்வதுதான் அதன் வழக்கம். பார்வை மட்டம், காதும் அவ்வளவு கூர்மை இல்லை, தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்தால் நாம் கிட்டத்தில் போகும்வரை அதற்குத் தெரியவே தெரியாது.

ஆனால் மூக்கு இருக்கிறதே, அதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நம் மலைக் கரடிக்குக் கரையானும் எறும்பும்தான் முக்கியமான சாப்பாடு. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது, அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றைத் தோண்டிக் கரையானை உறிஞ்சி எடுக்கும், மண் ஏறாமலிருக்க மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். மற்றபடி நாவல், கொன்றை, இலந்தை, அத்தி, தேன். இதையெல்லாம் தேடி ராத்திரி முழுக்க அலைந்து, இறுகிக் கிடக்கும் புற்றைப் பிறாண்டினால்தான் வயிறு நிறையும். உங்கள் தெருமுனையிலோ மீந்துபோன பிரியாணியும் மீன் கழிவும் பழத்தோலும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன, தோண்ட வேண்டிய வேலையே இல்லை. ஒரு தடவை ருசி கண்டால் அந்த இடத்தை அது மறக்காது. தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வரும், குட்டி இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தாயோடுதான் திரியும், அந்தக் காலத்தில் எங்கே என்ன கிடைக்கும் என்று பார்த்துப் பழகிக்கொள்ளும். குப்பைத்தொட்டியும் அந்தப் பாடத்தில் சேர்ந்துவிடுகிறது.

இப்போது அந்த ஒரு கரடியைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி அங்கேயே இருக்கிறது, வாடையும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊருக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை, 1988-ல் அமைந்த தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், அங்கே கரடிக்குப் பஞ்சமில்லை. அடுத்த கரடி வரும். கொண்டுபோய் விட்ட கரடியும் தெரியாத இடத்தில் நிற்காமல் திரும்பி வரப் பார்க்கும், இல்லையென்றால் வேறொரு ஊரின் தொட்டியைத் தேடிப் போகும். ஆளைத் தாக்கிய கரடியையோ, பகலிலும் ஊரைவிட்டுப் போகாமல் நிற்கும் கரடியையோ பிடிக்கத்தான் வேண்டும், அதை வனத்துறை முடிவுசெய்யட்டும். குப்பைக்கு வருகிற கரடிக்குக் கூண்டு மட்டும் போதாது. தொட்டியை அப்புறப்படுத்தாமல் கூண்டு வைப்பது ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்துகிற வேலை, அவ்வளவுதான்.

நாங்கள் காய்கறித் தோலைத்தான் கொட்டுகிறோம், கறி மீன் எதுவும் வீட்டில் ஆக்குவதே இல்லை. அப்படியும் கொல்லைப்புறத்தில் கரடித் தடம் இருக்கிறது. என்னதான் வைத்திருக்கிறோம் நாங்கள்?
– வாசகி, மணிமுத்தாறு

கறி மீன் மட்டும்தான் இழுக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். கொல்லையில் பலாச்சுளை தின்ற மிச்சம், வாழைப்பழத் தோல், அழுகின மாம்பழம், நாய்க்கு வைத்த சோறு, கோழித் தீவனம், எண்ணெய்ச் சட்டி கழுவிய தண்ணீர் ஊறிய மண், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். எண்ணெய் மேல் அதற்குத் தனி ஆசை. நீலகிரியில் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடிகளைப் பற்றி அடிக்கடி செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெருவில் சின்னக் கோயில் இருந்தால் பூசாரியிடம் சொல்லி, எண்ணெயையும் பிரசாதத்தையும் ராத்திரியில் வெளியே விடாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், குப்பை வண்டி காலையில்தான் வரும் என்றால் முந்தின ராத்திரியே வாளியை வாசலில் வைக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஈரக்குப்பையை மூடி போட்ட வாளியில் வீட்டுக்குள்ளேயே வைத்து, வண்டி மணி கேட்ட பிறகு எடுத்துப் போய்க் கொடுங்கள், வாளியைக் கையோடு கழுவிவிடுங்கள். குழி தோண்டிப் புதைக்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். கல்லாட்டம் இருக்கும் புற்றையே உடைக்கிற நகம் அதற்கு, நம் முழங்கால் ஆழக் குழி எம்மாத்திரம்? மரத்தடியில் விழுந்த பழத்தைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்கிவிடுங்கள். கொல்லைக் கதவுப் பக்கம் ஒரு விளக்கு எரியட்டும், கரடியை விரட்ட இல்லை, இருட்டில் அதன்மேல் போய் நீங்கள் முட்டாமல் இருக்க.

காட்டு எல்லையில் நாமே பழம், கிழங்கு கொண்டுபோய் வைத்தால் அது ஊருக்குள் வராதே?
– வாசகர், களக்காடு

வரும். மனுஷ வாடை அடிக்கிற இடத்தில் சாப்பாடு இருக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

கரடி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் பக்கத்துப் பையன்கள் கல்லெறிந்தும் வெடி போட்டும் விரட்டுகிறார்கள்.
– வாசகர், கடையம்

பையன்களை முதலில் நிறுத்துங்கள் அண்ணாச்சி. 2022 நவம்பரில் உங்கள் சிவசைலம் பக்கத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். ரோட்டில் பைக்கில் போனவரைக் கரடி தள்ளிக் குதறியது, காப்பாற்றப் போனவர்களுக்கும் பலத்த காயம், மொத்தம் மூன்று பேர். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விட்ட கரடியும் பிழைக்கவில்லை. கூட்டம் கூடிச் சுற்றி வளைத்தால் கரடிக்குப் போக வழி இருக்காது, அப்போது முதலில் அகப்படுகிற ஆள்மேல் பாயும்.

தூரத்தில் பார்த்தீர்கள் என்றால் சத்தம் போடாமல், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல், மெள்ளப் பின்னால் வாருங்கள். அது போக வழி விடுங்கள். ஓடாதீர்கள், நம்மைவிட அது வேகம். மரம் ஏறலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கும் ஏறத் தெரியும். மேலே பாய்ந்தே விட்டது என்றால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு, முகத்தைத் தரையோடு புதைத்து அசையாமல் கிடக்க வேண்டும். கரடி குறிவைப்பது பெரும்பாலும் முகத்தையும் தலையையும்தான், கண் போனவர்கள் உண்டு. கரடி விலகிப் போனது உறுதியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது. விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் தனியாக வெளிக்குப் போவது, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவது, இரண்டையும் தவிருங்கள், முடியாதென்றால் துணைக்கு ஒரு ஆளும் கையில் கம்பும் இருக்கட்டும்.

அமெரிக்காவிலும் கரடி குப்பைக்கு வரும் என்கிறார்கள். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

நல்ல கேள்வி. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. 1872-ல் தொடங்கிய யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஹோட்டல் எச்சிலையெல்லாம் திறந்த வெளியில் கொட்டினார்கள், கரடிகள் தின்ன வருவதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு உட்காரப் படிவரிசை கட்டிக் காட்சியாகவே நடத்தினார்கள்! அந்தக் காட்சி 1940-களில் நின்றது. ஆனால் கொட்டும் இடங்கள் கூடவே மூடப்படவில்லை, கடைசியில் 1970-ஐ ஒட்டித்தான் மூடினார்கள். அதையே நம்பி வளர்ந்த கரடிகள் கூடாரங்களைத் தேடிப் போயின, ஏராளமான கரடிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று, 1975-ல் அங்குள்ள பழுப்புக் கரடியை அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவிக்கிற நிலைமை வந்தது. இன்று அங்கே கரடியால் திறக்க முடியாத தாழ்ப்பாள் வைத்த இரும்புத் தொட்டிதான். அந்தத் தொட்டியை நாமும் எடுத்துக்கொள்ளலாம்; நம் ஊர்ப் பட்டறையில் செய்ய முடியாத பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் கரடியை எதிர்கொள்ள அவர்கள் சொல்லும் யோசனை எல்லாவற்றையும் அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே கருங்கரடியை எதிர்த்துச் சண்டை போடு என்பார்கள், நம் கரடியிடம் அது எடுபடாது. நம் கரடிக்குக் குளிர்காலத் தூக்கமும் கிடையாது, வருஷம் முழுக்க எச்சரிக்கை வேண்டும்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்கி ஆக்கிப் படைப்போம். மிச்சத்தை என்ன செய்ய?
– வாசகர், ஆழ்வார்குறிச்சி

திரும்பக் கொண்டுவாருங்கள். காப்பகத்துக்குள்ளே இருக்கிற கோயில் அது. எலும்பு, இலை, எண்ணெய்ப் பாக்கெட், சோறு, எல்லாவற்றையும் மூடியுள்ள பெரிய டப்பாவில் கட்டி, வந்த வண்டியிலேயே ஏற்றிக் கீழே இறக்குங்கள். ஆற்றில் விடுவது அதைவிடப் பாவம், அந்தத் தண்ணீரைத்தான் தூத்துக்குடிவரை குடிக்கிறார்கள்.

மனு கொடுக்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?
– ஊர்க்காரர்கள் சிலர், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம்

கரடியைப் பிடிக்கச் சொல்லி வனத்துறைக்கு மட்டும் எழுதாதீர்கள். குப்பை உள்ளாட்சியின் பொறுப்பு. திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதைச் சொல்கின்றன. ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனுவும் வனச்சரக அலுவலகத்துக்கு அதன் நகலும் கொடுங்கள். காட்டோரத் தெருக்களில் திறந்த தொட்டியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு வாங்க வேண்டும், கறிக்கடை, மீன்கடை, ஹோட்டல் கழிவைப் பொழுது சாயுமுன் தனி வண்டியில் எடுக்க வேண்டும், குப்பைக்கிடங்கு மலையோரம் இருந்தால் சுற்றி வலுவான வேலி போட வேண்டும் அல்லது இடம் மாற்ற வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். இவ்வளவையும் எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கேட்டு, அதன் நகலை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.