ஏர்கான் யாருக்கு?

கேள்வி: தாத்தா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்கிருந்து வந்த லட்சுமி படம் ஒன்று எங்களிடம் உள்ளது. கீழே ரவிவர்மா கையெழுத்து. தண்ணீர் கசிந்து ஒரு மூலை உப்பிப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஏலத்துக்கு மதிப்புப் போடும் ஒருவர், அசல் ஓவியமாக இருக்கலாம் என்கிறார். பழைய படங்களைச் சீரமைக்கும் அம்மையார், அச்சுப்படம்தான் என்கிறார். அண்ணன் ஏலக்காரரை நம்புகிறார், நான் அம்மையாரை. எங்கள் இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டது. படம் மேலும் கெடாமல் இருக்க இரவெல்லாம் அறையில் ஏர்கான் ஓடுகிறது. அம்மாவுக்கு 78 வயது, இப்போதைக்கு ஹாலில் படுத்துக்கொள்கிறார். யார் சொல்வதை நம்புவது?
– வாசகி, ஈசூன்

பதில்: இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த அறை யாருடையது என்று நீங்கள் சொல்லவில்லை. அம்மாவுடையதுதானே?

சொத்துச் சண்டைக் கடிதங்கள் எனக்கு வராத மாதமில்லை. நகை, வீடு, ஊரில் ஒரு துண்டு நிலம். இப்போது லட்சுமி. சரி, முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம்.

சாமி படம் எல்லார் வீட்டுக்கும் போகட்டும் என்று ரவிவர்மாவே 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே கையெழுத்தும் படத்தோடு சேர்ந்தே அச்சாகும். மேலே வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியம் போலவே மினுங்கும். ஆகவே கையெழுத்தைக் காட்டி அண்ணன் வாதாடுவது செல்லாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அச்சுப்படத்தில் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரியும். உப்பிய மூலையையும் பாருங்கள். அச்சென்றால் அங்கே காகிதம் பிரிந்து நார் தெரியும். அந்த அம்மையார் இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். நானாக இருந்தால் விற்றுக் கொடுப்பவர் பேச்சைவிடச் சீரமைப்பவர் கண்ணைத்தான் நம்புவேன்.

அசலென்றால் பெரிய விலைதான், மறுக்கவில்லை. 1979-இல் இந்தியா அவருடைய ஓவியங்களைக் கலைச் செல்வமாக அறிவித்து, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை போட்டது. இந்தியாவுக்கு வெளியே ஒன்று இருந்தால் போட்டி இருக்கத்தான் செய்யும். அண்ணனின் ஆசை புரிகிறது.

உங்கள் கதைதான் புரியவில்லை. அச்சுப்படம் என்று நம்புகிறீர்கள். அப்படியானால் ஓர் அச்சுக் காகிதத்துக்காகவா பெற்றவளை ஹாலுக்கு அனுப்பினீர்கள்? அண்ணனிடம் வாய் அச்சு என்கிறது, கை ஏர்கானைப் போடுகிறது. உங்கள் மனமும் அசலென்றுதான் ஏங்குகிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் அண்ணன் மேல் மட்டும் பேராசைப் பட்டம் கட்டாதீர்கள். 'இப்போதைக்கு' என்கிறீர்களே, எத்தனை வாரம்? அம்மா எதிர்த்துச் சொல்லியிருக்க மாட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அது உங்கள் வசதி. அம்மா படுத்த இடத்தைப் படத்துக்குக் கொடுக்கும் பிள்ளைகளிடம் எனக்குப் பொறுமை இல்லை. படம் அசலாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, இரவில் போட்டுப் பகலில் அணைக்கும் ஏர்கான் ஈரத்தை ஏற்றி இறக்கும். படத்துக்கும் அது நல்லதில்லை. துடைக்காதீர்கள், பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள், சீரமைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பூஞ்சை இருக்கும் அறையில் வயதானவர் தூங்கக்கூடாது, அதனால் படம் போனதும் சுவரையும் தரையையும் நன்றாகத் துடைத்துவிட்டு அம்மாவை உள்ளே அழைத்துப் போங்கள்.

அண்ணனுக்குப் போன் செய்ய ஒரு காரணம் வேண்டுமென்றால், அம்மாவின் கட்டிலைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள்.