பர்மிங்காமின் போர்ன்வில் பகுதிக்கு என்ன வரலாறு? சாக்லேட் ஆலையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

நம்மூர்க் கடைகளில் விற்கும் போர்ன்வில் சாக்லேட்டின் பெயர் இந்தக் குடியிருப்பிலிருந்து வந்ததுதான். பலரும் ஆலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வீடுகளைத்தான்.

ரிச்சர்ட், ஜார்ஜ் கேட்பரி சகோதரர்கள் 1879-ல் நெரிசலான நகர மையத்திலிருந்து ஆலையை இங்கே மாற்றினார்கள். அப்போது சுற்றிலும் வயல்வெளி. 1893-ல் ஜார்ஜ் பக்கத்திலேயே 120 ஏக்கர் வாங்கி, 1895-ல் வீடு கட்ட ஆரம்பித்தார். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு இருக்கக் கூடாது, மீதி தோட்டத்துக்கு என்று விதி வைத்தார். பின்பக்கம் பழமரங்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டும் என்றில்லாமல் மற்றவர்களுக்கும் வீடு கொடுத்தார்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்று நான் நினைப்பது 1900-ல் நடந்தது. நிலத்தையும் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அதில் வரும் பணம் குடும்பத்துக்கோ கம்பெனிக்கோ போகாது. 2010-ல் கேட்பரி நிறுவனத்தை அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கியபோது, இந்தக் குடியிருப்பு அந்த விற்பனையில் சேரவில்லை. அறக்கட்டளை இன்றும் நடக்கிறது.

சரி, பார்க்க வேண்டியவை. நடுவில் புல்வெளித் திடல். அதில் எண்கோண வடிவ ஓய்வு மண்டபம். ஜார்ஜ் கேட்பரி தம்பதியின் திருமண வெள்ளிவிழாவுக்கு ஊழியர்கள் பணம் போட்டுக் கட்டி, 1914-ல் திறந்தது. எதிரே பள்ளிக் கோபுரத்தில் கரில்லான், அதாவது விசைப்பலகையால் வாசிக்கும் மணித்தொகுதி; இப்போது அதில் 48 மணிகள். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் அந்த இசையைக் கேட்டு மயங்கிய ஜார்ஜ், 1906-ல் இதை அமைத்தார். பக்கத்தில் செல்லி மேனர் என்ற பழைய மரச்சட்ட வீடு. வேறு இடத்தில் இடிபட இருந்ததை வாங்கி, பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி நிறுத்தினார்கள். 1917 முதல் அருங்காட்சியகம்.

மதுக்கடையைத் தேடாதீர்கள். கேட்பரி குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மது கூடாது என்பதில் உறுதியானவர்கள். இன்றும் கிராமத்துக்குள் பப் கிடையாது.

பர்மிங்காமின் முக்கிய ரயில் நிலையமான நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து நேரடி ரயில் உண்டு. போர்ன்வில் ஸ்டேஷனுக்கே கேட்பரியின் ஊதா நிறம்தான். முடிந்தால் சனிக்கிழமை போங்கள், கரில்லான் வாசிப்பு பெரும்பாலும் அன்றைக்குத்தான்.