41-ஆம் எண் பொட்டலமும் அம்மாவின் அதிமதுரமும்

கேள்வி: தோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறோம். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 73 வயது. பிபி மாத்திரையும் நீர் மாத்திரையும் ஊரிலிருந்தே கொண்டுவந்து சாப்பிடுகிறார். இந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை சளி பிடித்துவிட்டது. தொண்டைக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி, டாக்டர் தனக்கு எழுதிக்கொடுத்த கம்போ (ஜப்பானிய மூலிகை வைத்திய) மருந்தில் பத்துப் பொட்டலம் தந்து, "எதிர்ப்புச் சக்தி வரும்" என்கிறார். பொட்டலத்தில் 41 என்று இருக்கிறது. மூலிகைதானே, கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பாட்டியின் அன்பில் குறையில்லை, மருந்தும் நல்ல மருந்துதான். எனக்குக் கவலை அம்மாவின் நீர் மாத்திரையும் அந்த அதிமதுரமும்.

41 என்பது ஹோச்சூஎக்கிதோ. பத்து மூலிகைகள் சேர்ந்தது: ஜின்செங் வேர், சீன இலந்தை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி, அதிமதுரம் என்று போகும். சீன வைத்தியர் லி தோங்யுவான் 13-ஆம் நூற்றாண்டில் வகுத்தது. 1232-ல் மங்கோலியர் முற்றுகையிட்ட நகரத்தில் பசியாலும் களைப்பாலும் மக்கள் மடிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். வயிறு நொந்து, சாப்பாடு இறங்காமல், கைகால் ஓய்ந்துபோனவர்களைத் தேற்றத்தான் இந்தக் கஷாயம். ஜப்பானில் இதற்கு அனுமதித்திருக்கும் பயன்களும் அப்படித்தான்: பசியின்மை, கோடையில் இளைத்துப்போவது, நோய்க்குப் பின் தேறுவது. பலவீனமானவர்களின் சளியும் அதில் உண்டு. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற சொல் அதில் இல்லை. எலிகளிடமும் சிறு குழுக்களிடமும் நம்பிக்கை தரும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் முதியவர்களுக்குத் தொற்றே குறையும் என்று உறுதி சொல்ல அவை போதாது.

இனி அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதியைத் தடுக்கிறது. அடங்காத கார்டிசால் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பிபி ஏறும், கால் வீங்கும், தசை தளரும். நீர் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தைத்தான் இழுத்துக்கொண்டு போகின்றன. இரண்டும் சேர்ந்தால் 73 வயது இதயம் தாளம் தப்பலாம்.

41-இல் ஒரு நாளைக்கு 1.5 கிராம் அதிமதுரம்தான். அதோடு நின்றால் பரவாயில்லை. சளி என்று கடையில் கக்கோன்தோ என்ற கம்போ மருந்தை வாங்குவீர்கள். அதிலும் அதிமதுரம் உண்டு, பிபியை ஏற்றும் எபெட்ரா என்ற மூலிகையும் உண்டு. பொட்டாசியம் குறைந்து கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால், "68-ஆம் எண் கம்போ நல்லது" என்று யாராவது சொல்வார்கள். அதில் ஒரு நாளைக்கு 6 கிராம்! அதிமதுரத்தால் வந்த பிடிப்புக்கு இன்னும் அதிமதுரம். இதற்கு மேல் அம்மா வாயில் அடக்குவது வேறு. அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் போதும்.

"மூலிகைதானே" என்கிறீர்கள். ஷோசாய்கோதோ என்ற கம்போ மருந்தும் மூலிகைதான். அதைச் சாப்பிட்டவர்களில் 10 பேர் நுரையீரல் அழற்சியால் இறந்ததாக 1996-ல் ஜப்பான் சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது.

ஜப்பானில் கம்போ எழுதித் தருபவர்கள் சாதாரண எம்.பி.பி.எஸ். போலப் படித்த மருத்துவர்கள்தான். 148 மருந்துகள் அரசுக் காப்பீட்டில் இருக்கின்றன. நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து ஆளுக்கேற்ற மருந்தை முடிவு செய்வார்கள். அப்படிக் கண்டறியும் உடல்நிலைக்கு 'ஷோ' என்று பெயர். பாட்டியின் ஷோவுக்கு வந்த மருந்து அம்மாவுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

அதனால் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மருந்துக் கடையில் தரும் 'ஒகுசுரி தேச்சோ' குறிப்பேட்டில் ஊர் மாத்திரைகள் இருக்காது. அட்டையில் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அதிமதுரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி அங்கேயே கேளுங்கள். இந்த வயதில் குளிர்காலத்துக்கு அவற்றைத்தான் நான் முதலில் நம்புவேன். டாக்டரே பார்த்து 41 எழுதித் தந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: அம்மா சரியாகச் சாப்பிடுகிறாரா? புது ஊரில் பகலெல்லாம் தனியாக இருப்பவர்கள் பலர் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார், பார்த்து வையுங்கள். அதற்குள் கால் வீங்கினாலோ, நாற்காலியிலிருந்து எழக் கஷ்டப்பட்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.