ஒரு உயிரினம் எங்கெல்லாம் வாழும்னு கம்ப்யூட்டர்ல மாடல் போட்டு மேப்பா காட்டிட முடியுமா? அந்த மேப்ப நம்பலாமா?

நம்பலாம், ஆனா அந்த மேப் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கிட்டு நம்பணும். மேப்ல செவப்பா காட்டற இடத்துல எல்லாம் அந்த உயிரினம் இருக்குன்னு அர்த்தம் இல்லங்க, அங்க போய் சேந்தா பொழச்சுக்க வாய்ப்பு இருக்குன்னுதான் அர்த்தம்.

வேலை நடக்கறது சிம்பிள்தான். அந்த உயிரினத்த பாத்த இடங்களோட ஜிபிஎஸ் பாயிண்ட் எல்லாம் எடுத்து, ஒவ்வொரு பாயிண்ட்லயும் வெயில் எவ்ளோ மழை எவ்ளோன்னு பாப்போம் (வேர்ல்ட்கிளிம்ங்கற உலக காலநிலை டேட்டாவுல இதுக்குன்னே 19 லேயர், அதாவது 19 மேப், ரெடியா இருக்கு), அப்புறம் அதே மாதிரி நிலைமை வேற எங்க இருக்குன்னு மாடல் தேடும். மேக்ஸ்என்ட்ங்கற சாஃப்ட்வேர்தான் ரொம்ப பேர் யூஸ் பண்றது, இலவசம், "இங்க இல்ல"ங்கற டேட்டாவே இல்லாம ஓடும்.

சூப்பரா வேலை செஞ்ச கதையும் இருக்கு. மடகாஸ்கர்ல 11 பச்சோந்தி இனத்துக்கு மாடல் போட்டாங்க, அந்த இனங்களே இல்லாத சில ஏரியாவுலயும் இருக்கலாம்னு காட்டுச்சு. தப்புன்னு தூக்கி போடாம நேர்ல போய் தேடுனா அது வரைக்கும் யாருக்கும் தெரியாத 7 புது பச்சோந்தி இனம் கெடச்சுது, எல்லாம் இதுங்களுக்கு சொந்தக்கார இனங்கதான். 2003ல வந்த பேப்பர் அது.

இன்னொரு பக்கம் 2009ல பிக்ஃபுட்டுக்கே (காட்டுல திரியுதுன்னு கதை மட்டும் இருக்கற, ஆதாரமே இல்லாத குரங்கு மனுஷன்) மாடல் போட்டாங்க! அமெரிக்காவோட மேற்கு ஓரத்துல "பாத்தேன், காலடி தடம் இருந்துச்சு"ன்னு ஜனங்க சொன்ன இடங்கள உள்ள குடுத்தா அழகா ஒரு மேப் வந்துச்சு, அது கருங்கரடி மேப்போட கிட்டத்தட்ட ஒத்தும் போச்சு. குப்பைய போட்டாலும் கலர் கலரா மேப் வரும்னு காட்டத்தான் அத செஞ்சாங்க.

நானும் முதல் தடவ ஒரு தவளைக்கு ஓட்டினப்போ ரெண்டு பாயிண்ட் ஆப்பிரிக்கா பக்கத்துல நடுக்கடல்ல நின்னுச்சு, பாத்தா அட்சரேகை தீர்க்கரேகை ரெண்டுமே பூஜ்யம்னு யாரோ நிரப்பி வச்சிருக்காங்க. அத தூக்கிட்டு திரும்ப ஓட்டினா மேப்ல ரோடு தெரியுது, ஏன்னா தவளைய தேடினவங்க எல்லாம் ரோட்டோரமாவே தேடியிருக்காங்க, மாடல் பாவம் ஜீப் போற ரூட்ட கத்துக்கிச்சு. இதுல ஏயூசி (மாடல் எவ்ளோ சரியா பிரிச்சு சொல்லுதுன்னு 1க்கு போடற மார்க்) வேற 0.95, நான் பெருமையா சுத்திக்கிட்டு இருந்தேன். ஒரு கண்டத்தையே பேக்ரவுண்டா, அதாவது ஒப்பிட்டு பாக்கற ஏரியாவா, குடுத்தா பாலைவனத்துல தவளை இல்லன்னு சொல்லியே மார்க் வாங்கிடும்னு அப்புறம்தான் ஒறச்சுது.

இன்னொரு சிக்கல், ஒரு உயிரினம் இப்ப இருக்கற இடம் அதால தாங்க முடிஞ்ச எல்லா இடமும் கெடையாது. 1957லயே ஹட்சின்சன்ங்கற சூழலியல் விஞ்ஞானி இத தாங்க முடிஞ்ச நிலைமை, நிஜமா வாழற நிலைமைன்னு ரெண்டா பிரிச்சு சொல்லிட்டாரு. யூகலிப்டஸ பாருங்க, ஆஸ்திரேலியாவுலயும் பக்கத்து தீவுகள்லயும் மட்டும்தான் இருந்துச்சு, மனுஷன் கொண்டு போய் நட்டதும் உலகம் பூரா வளருது. நடுவுல கடல், அதான் தானா போகல. சில உயிரினத்த போட்டியும் நோயும் தள்ளி வச்சிருக்கும், வெயில் மழை லேயர்ல அதெல்லாம் எங்க தெரியப்போகுது.

அதனால அம்பது வருஷம் கழிச்சு எங்க இருக்கும்னு யாராவது மேப் காட்டுனா முதல்ல கேக்க வேண்டியது, இப்ப எங்கயுமே இல்லாத வெயிலுக்கும் மழைக்கும் சேத்தா கணிச்சிருக்கீங்கன்னு, அந்த ஏரியாவுல மாடல் குருட்டாம்போக்குலதான் சொல்லும்.

நீங்க எந்த உயிரினம்னு சொல்லல. செடின்னா மண் லேயரையும் சேத்துக்கோங்க.