வாசகர் கேள்வி – சட்டம் பதில்: சீதனம் கொடுத்தாச்சு, பங்கும் உண்டா?

கேள்வி: நாங்கள் விளவங்கோடு தாலுகாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, இரண்டு அக்காமார், நான். வீடும் விளையுமாக 36 சென்ட். “சீதனத்தோடு போனவளுக்குப் பங்கு கிடையாது, வீடு கடைக்குட்டி மகனுக்கு” என்கிறார் மாமா. பெரியக்கா பங்கு கேட்கிறார். பங்கு வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. வழக்கத்தையும் விடாமல், அக்காவையும் நோகடிக்காமல் என்ன செய்யலாம்?

பதில்: மகளின் பங்கு பற்றி மாமா சொல்வது ஒரு காலத்தில் ஏறக்குறைய சட்டமாகவே இருந்தது. உங்கள் பகுதி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. கொல்லம் ஆண்டு 1092-இல் (1916) வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குத் தந்தது, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அது செல்லாது என்று தீர்த்துவிட்டது. இப்போது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான்: அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகள் மூவருக்கும் சமம். நிலம் முழுக்க ஒரே மதிப்பு என்றால் அம்மாவுக்கு 12 சென்ட், உங்களுக்கு ஆளுக்கு 8.

சீதனத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தாளையும் நம்பாதீர்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது, வரப்போகும் வாரிசுரிமையை எழுதிக் கொடுப்பது சொத்து மாற்றமாகாது. இப்போது அக்கா மனதார விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். அழுத்தி வாங்காதீர்கள், அது அநியாயம், பின்னால் வழக்காகவும் வரும்.

வழக்கத்தில் காக்க வேண்டியது ஒன்று உண்டு: வயதான அம்மா தன் வீட்டிலேயே இருப்பது. வீடு நிற்கும் இடத்தை அம்மா பங்காக ஒதுக்கி, பாகப்பிரிவினையைப் பதிவு செய்யுங்கள். கணக்கு மதிப்பில் இருக்கட்டும். வீட்டின் விலையும், ரோட்டோர நிலத்தின் கூடுதல் விலையும் சேர வேண்டும். அக்காவுக்குப் பின்பக்கம் கொடுத்தால் வழியின் அகலம் எத்தனை அடி என்று பத்திரத்தில் எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் அதிகம் சண்டை வருவது இந்த வழியில்தான்.

பிறகு அம்மா விரும்பினால் தன் பங்கை உங்களுக்குச் செட்டில்மெண்ட் எழுதலாம். ஆயுள் அனுபோக உரிமையை அவர் வைத்துக்கொள்ளட்டும். ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அது இருந்தால்தான், கவனிக்காமல் விட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில் ரத்து கேட்பது எளிது.

கேள்வி: அம்மா உயில் எழுதினால் என் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய சொத்து செல்லாது (இந்திய வாரிசுரிமைச் சட்டம், 67-ஆம் பிரிவு). உயில் நிற்கும், உங்களுக்கு எழுதியது போய்விடும். சொத்து கிடைக்காத, அம்மாவைவிட வயது குறைந்த இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.