அடுப்பை நகர்த்துங்கள், கேஸ் ட்யூபை நீட்டாதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் சமையல் மேடையை எதிர்ச் சுவருக்கு மாற்றிக் கட்டுகிறோம். சிலிண்டர் பழைய மூலையிலேயே இருக்கட்டும், இரண்டு ட்யூப்களை ஜாயின்ட் வைத்து இணைத்து டைல்ஸுக்கு அடியில் கொண்டுபோய்விடலாம் என்கிறார் குழாய் வேலை செய்பவர். செய்யலாமா?

பதில்: கூடாது. அடுப்பு எந்தச் சுவருக்குப் போனாலும் சிலிண்டரும் அதனோடு போக வேண்டும். ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரை ஒரே துண்டாக, கண்ணில் படும்படி ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூப் இருக்க வேண்டும். சாதாரணமாக ஒன்றரை மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த ட்யூபைத் தரைக்கு அடியில் புதைத்துவிட்டால், டைல்ஸை உடைத்தா மாற்றுவீர்கள்? ஜாயின்ட் இளகினாலும், எலி கடித்தாலும் உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவிப் பள்ளம் தேடும். சரிவில் கட்டிய நம் மலை வீடுகளில் சமையலறையிலிருந்து இரண்டு படி இறங்கினால் ஸ்டோர் ரூம் இருக்கும். குளிருக்காக ஜன்னல்களும் அடைத்தே கிடக்கும். ஆகவே சிலிண்டரைக் கப்போர்டுக்குள் வைப்பதானால் கதவின் அடிப்பக்கம் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும்.

சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைப்பது ஒன்றுதான் விதிவிலக்கு. அப்போது சுவரைத் தாண்டிச் செல்வது செம்புக் குழாயாக இருக்க வேண்டும், ரப்பர் ட்யூப் அல்ல. சுவருக்குள் அதற்கு உறை வேண்டும், அங்கே இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது, அடுப்பின் அருகே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வால்வு வேண்டும். சிலிண்டரைப் பூட்டிய கம்பிக் கூண்டுக்குள், மழை படாமல், நிமிர்த்தி வைக்க வேண்டும். பள்ளமான இடத்திலோ சாக்கடை வாய்க்கு அருகிலோ வைக்கக் கூடாது. இவ்வளவு செய்த பிறகும் உறைபனிக் காலத்தில் ஒரு தொல்லை உண்டு. சிலிண்டரில் உள்ள பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கும் குளிரில் சரியாக ஆவியாகாது, ஆதலால் விடிகாலையில் சுடர் மங்கும். அதற்காகச் சிலிண்டரின் மேல் கொதிநீர் ஊற்றுவதும், அதைக் கணப்பின் அருகே நகர்த்துவதும் உயிரோடு விளையாடுவதாகும். ஊட்டி, கோத்தகிரிக் குளிருக்குச் சிலிண்டர் உள்ளே இருப்பதே மேல் என்பது என் கருத்து.

வேலையை உங்கள் ஏஜென்சியின் மெக்கானிக்கிடமே கொடுங்கள். ஒரே வீட்டுக்குள் இடம் மாற்றப் புது இணைப்போ புது டெபாசிட்டோ தேவையில்லை. தேவை என்பவரை நம்பாதீர்கள். அதைவிட மோசமானவர்கள், "கம்பெனியிலிருந்து செக்கிங் வந்திருக்கிறோம்" என்று கதவைத் தட்டி, நல்ல ட்யூபைக் கழற்றிவிட்டு முத்திரை இல்லாத ஒன்றை மாட்டிப் பணம் வாங்கிச் செல்பவர்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள், ஏஜென்சிக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே உள்ளே விடுங்கள். ட்யூபின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஆண்டும் அச்சாகியிருக்கும், அவற்றைப் படித்துப் பாருங்கள். ஏஜென்சியில் போனை எடுப்பதில்லை, மெக்கானிக் இன்று வருவார் நாளை வருவார் என்று இழுத்தடிக்கிறார்கள் என்ற குறை நியாயமானதே. மலையில் இருப்பவர்கள் என்றால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் இவர்களுக்கு எப்படி வந்ததோ! வாய்ச்சொல்லை நம்பாமல் புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கி வையுங்கள். அதுவரை அடுப்பு பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் கிளம்பும் முன், ட்யூபின் இரு முனைகளிலும் ரெகுலேட்டரைச் சுற்றியும் சோப்பு நுரை தடவச் சொல்லி நீங்களே பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்க விடாதீர்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு என்றைக்காவது வாடை வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.